அயலாரோடு பழகுதல்: சிறு பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிகளும்

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிச் சிறு பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இரக்கம் என்றே விடை சொல்வோம். வீட்டிலும் முன்பள்ளியிலும் அறநெறிப் பாடசாலையிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பாவம், சிரிக்கக்கூடாது, உதவி செய்யவேண்டும் என்கிறோம். இந்த விடை போதாது; பல வேளைகளில் நாம் விரும்புவதற்கு நேர்மாறான பலனையே அது தருகிறது என்று வாதிட இந்த மேடையை எடுத்துக்கொள்கிறேன். ஒருவரைப் பாவம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்தும், கையிலுள்ள இனிப்பைக் கொடுக்கும், பிறகு தாயின் பின்னால் போய் நின்றுகொள்ளும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடாது, அவரோடு சண்டை போடாது, அவரிடம் போய் ஒரு கணக்குக் கேட்காது. அயலவர் என்றால் இவை எல்லாம் நடக்கவேண்டும். இரக்கத்தால் இது நடக்காது, பழக்கத்தால்தான் நடக்கும். பழக்கம் அறிவுரையில் பிறப்பதில்லை. ஊரின் அன்றாட வாழ்வு எப்படி அமைந்திருக்கிறது, யார் வெளியே வருகிறார்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதில்தான் பிறக்கிறது. ஆகவே பிள்ளையின் மனத்தைத் திருத்துவதற்கு முன் பிள்ளையைச் சுற்றியிருக்கும் ஊரைத் திருத்தவேண்டியிருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்.

இதைப் பேசுவதற்கு, திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கிலுள்ள இந்தக் கட்டைபறிச்சான் தற்செயலாக வாய்த்த இடமல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலுமானவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்திருத்தல், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகிய ஆறில் ஒன்றிலாவது சிரமம் இருந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. மூதூர் கிழக்கு இதற்கு மேலும் பட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சும் ஷெல் வீச்சும். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் மட்டக்களப்புவரை ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களின் தகரக் கொட்டில்களில் 2015, 2016ஆம் ஆண்டுகள்வரை காத்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது இளைஞர்கள். சிலர் தாய் தந்தையராகவே ஆகிவிட்டார்கள். காலிழந்த அண்ணன், உடம்பில் இன்னும் குண்டுச் சிதறலோடு இருக்கும் மாமா, ஒரு காது கேளாத சித்தி என்று இங்கே ஒவ்வொரு ஒழுங்கையிலும் யாராவது இருக்கிறார்கள். இவ்வளவு பேர் இருந்தும் இவர்களைப் பார்த்து ஏன் ஒரு நான்கு வயதுப் பிள்ளை கூச்சப்படுகிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கூச்சம் பிள்ளைக்கு இயல்பானது, அறியாததைக் கண்டால் அது அஞ்சத்தான் செய்யும் என்பது வழக்கமான பதில். மேலே சொன்ன கணக்கையே சற்று உற்றுப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. அந்த 16 இலட்சத்தில் பார்வைச் சிரமம் உள்ளவர்கள் ஏறக்குறைய 10 இலட்சம் பேர். நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் 7 இலட்சத்துக்கு மேல். கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவர்களில் பெருந்தொகையானோர் முதியவர்கள். அதாவது ஒரு பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திக்கும் மாற்றுத்திறனாளி அதன் அம்மம்மாதான், அல்லது அப்பப்பா. கண்ணில் புரை விழுந்த அம்மம்மாவைக் கைபிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு எந்தப் பயமும் இல்லை. காது மந்தமான அப்பப்பாவின் பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசவேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்துக்கொண்டது. அதே பிள்ளை வேலிக்கு அப்பால் இருக்கும் கண் தெரியாத இளைஞரைக் கண்டு ஒதுங்குகிறது என்றால் காரணம் கண்ணில் இல்லை. அம்மம்மாவோடு பழகியிருக்கிறது, அவரோடு பழகவில்லை. அம்மம்மா கதை சொல்வாள், சோறு ஊட்டுவாள், அடிக்க வரும் அம்மாவிடமிருந்து காப்பாற்றுவாள். பிள்ளைக்கு அம்மம்மா தேவை. வேலிக்கு அப்பால் இருப்பவர் பிள்ளைக்கு எதுவாகவும் இல்லை. அவரைப் பற்றி அது அறிந்ததெல்லாம் அவருடைய குறை ஒன்றே.

அந்தக் குறையைப் பற்றியும் நாம் அதற்கு ஒழுங்காகச் சொல்வதில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளை கண்ணில் பட்டதைக் கேட்கும். கடை வாசலில் நின்று, "அந்த மாமாக்கு ஏன் ஒரு கால் இல்ல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும். தாய் உடனே கையை இறுக்கிப் பிடித்து, "உஸ், அப்பிடிக் கேக்கப்படாது" என்று இழுத்துக்கொண்டு போவாள். அவளுடைய எண்ணம் நல்லது, அவர் மனம் நோகக்கூடாது என்பதுதான். ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது வேறு. அம்மா பதறினாள், கையை இறுக்கினாள், குரல் மாறியது. ஆகவே அந்தக் காலில், அந்த மாமாவில், ஏதோ பயங்கரமான ஒன்று இருக்கிறது. பாம்பைக் கண்டபோதும் அம்மா இப்படித்தான் கையை இறுக்கினாள். பிள்ளையின் கேள்வியில் அவமதிப்பு இல்லை, ஆர்வம்தான் இருந்தது. அவமதிப்புக்குரிய ஒன்று அங்கே இருக்கிறது என்ற எண்ணத்தை அதன் தலைக்குள் போட்டது நம் பதற்றம். இதே காட்சி பத்துத் தடவை நடந்தால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். பள்ளிக்கூடம் போகும் வயதில், பெரியவர்கள் இல்லாத இடத்தில், கேள்வி கேலியாக வெளிவரும். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் எட்டு வயதுப் பையனைக் கண்டிக்கும்போது, நான்கு வயதில் அவனுடைய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

விடை சொல்வது கடினமும் இல்லை. பிள்ளைக்கு வேண்டியது காரணமும் செயல்முறையும். கால் எப்படிப் போனது, இப்போது நோகுமா, கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பாரா, எப்படிச் சைக்கிள் ஓடுகிறார்? இவற்றுக்கெல்லாம் நல்ல, சுவையான, உண்மையான விடைகள் உண்டு. ஜெய்ப்பூர்க் காலை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் அதை உருவாக்கினார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நடப்பவர்களுக்காக ஆனது; சப்பாத்தில்லாமல் நடக்கவும், சம்மணமிட்டு இருக்கவும், குந்தவும், வயல் சேற்றில் இறங்கவும் அது உதவவில்லை. ரப்பரைக் கொண்டு, பார்வைக்கும் பாதம் போலவே இருக்கும்படி அவர்கள் செய்த கால் இவை அனைத்துக்கும் வளைந்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் போரில் கால் இழந்தவர்களுக்கு இந்தக் காலைப் பொருத்தி வந்திருக்கிறது. "கண்ணிவெடியில கால் போட்டுது. இப்ப ரப்பர்க் கால் போட்டிருக்கிறார், அதோடயே வயலுக்குள்ளயும் இறங்குவார்" என்று தாய் சொல்லிவிட்டால் பிள்ளையின் முகம் மாறிவிடும். பயந்து பார்த்த பிள்ளை வியந்து பார்க்கும். ரப்பர்க் கால் எப்படி மடங்கும் என்பது நான்கு வயதுக்காரருக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைவிடச் சிறிய அதிசயமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்காக ஒருவர் தன் உடம்பைக் காட்சிப்பொருளாக்க வேண்டுமா? கால் போன கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, அதுவும் போரில் போன கதையை, அவருக்கு எவ்வளவு வேதனை? இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது. விடை சொல்லும் கடமை தாய்க்கும் தந்தைக்கும் ஆசிரியைக்கும் உரியது, அவருக்கு உரியதல்ல. பிள்ளை கேட்டதும் அவரைப் பார்த்துச் சிரித்து ஒரு வணக்கம் சொல்லி, தெரிந்ததை அந்த இடத்திலேயே இயல்பான குரலில் பிள்ளைக்குச் சொல்லலாம். அவர் தானாகவே பேச முன்வந்தால் பேசட்டும், முன்வராவிட்டால் விட்டுவிடலாம். சொந்தக் கதையைச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை என்பதையும் பிள்ளை அதே நேரத்தில் கற்றுக்கொள்ளும். பிள்ளையின் கையை இறுக்கி இழுத்துக்கொண்டு ஓடுவதில் அவருடைய மானம் காப்பாற்றப்படுவதாக நாம் நினைக்கிறோம். அந்த ஓட்டத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

வார்த்தையோடு இது முடிவதில்லை. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், வேறுபட்ட மனிதர்கள் பழகுவதால் தப்பெண்ணம் எப்போது குறையும் என்று ஆராய்ந்து நான்கு நிபந்தனைகளை எடுத்துரைத்தார். இரு தரப்பும் சம நிலையில் இருக்கவேண்டும்; பொதுவான இலக்கு ஒன்று வேண்டும்; அதற்காகச் சேர்ந்து உழைக்கவேண்டும்; ஊரில் அதிகாரம் உள்ளவர்கள் அந்தப் பழக்கத்துக்கு ஆதரவாக நிற்கவேண்டும். தோமஸ் பெற்றிகுரூவும் லிண்டா ட்ரொப்பும் 515 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006இல் வெளியிட்ட முடிவு, பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்பது. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பிள்ளை மாற்றுத்திறனாளிகளை எங்கே காண்கிறது என்று பாருங்கள். அது அவர்களைப் பெரும்பாலும் ஒரு பொதுமண்டபத்தில், பொருள் வழங்கும் வைபவத்தில் காண்கிறது. முன்வரிசையில் அவர்கள் இருத்தப்பட்டிருப்பார்கள். மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சக்கர நாற்காலியையோ உலர் உணவுப் பொதியையோ கொடுப்பார். படம் எடுக்கப்படும். டிசம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகள் தினத்திலும் இதுவே நடக்கும். அந்த நாற்காலி அவருக்குத் தேவை, அந்தப் பொதியும் தேவை. கொடுக்கவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுப் படலைக்குள் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் என்ன? ஒரு பிள்ளை வருடக்கணக்காக ஒரு வகை மனிதர்களை வாங்குபவர்களாகவே பார்த்து வளர்ந்தால், அவர்களிடமிருந்து தான் எதையாவது பெறலாம் என்ற எண்ணம் அதற்கு எப்படி வரும்? ஆல்போர்ட் சொன்ன சம நிலை அங்கே முதல் நொடியிலேயே உடைந்துவிடுகிறது.

வழங்கப்பட்ட பிறகு அந்த நாற்காலிக்கு என்ன ஆகிறது என்பதும் பிள்ளை வளர்ப்போடு சேர்ந்த விஷயமே. மூதூர் கிழக்கின் பல ஒழுங்கைகள் மணல். மருத்துவமனைத் தரைக்காகச் செய்யப்பட்ட சக்கர நாற்காலியின் முன்பக்கத்துச் சிறு சில்லுகள் மணலில் புதையும். மாரியில் சேறு. ஆகவே நாற்காலி விறாந்தையில் நிற்கும், அதில் இருப்பவரும் விறாந்தையோடு நிற்பார். கையால் சுற்றி ஓட்டும், பெரிய சில்லுகள் கொண்ட மூன்று சில்லுச் சைக்கிளாக இருந்தால் அவர் சந்திவரை வந்துவிடுவார். சந்திக்கு வந்தவரைப் பிள்ளைகள் நாளும் காண்பார்கள். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்பதற்கு 2006ஆம் ஆண்டு முதல் ஒழுங்குவிதிகள் உண்டு. சக்கர நாற்காலியில் இயங்கிய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அவற்றை வலியுறுத்தித் தீர்ப்பும் அளித்தது. பாடசாலை வாசலில் சாய்தளம் போடுவதைச் சக்கர நாற்காலிக்காரருக்கான சலுகையாக மட்டும் எண்ணுகிறோம். அந்த வாசலால் அவர் உள்ளே வந்தால் முந்நூறு பிள்ளைகள் அவரைக் காண்கிறார்கள், அவர் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள். சீமெந்துச் சாய்தளம் ஒன்று ஒழுக்கப் பாடநூல் ஒன்றைவிட அதிகம் கற்பிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வெளியே வந்தவருக்கு ஒரு வேலை வேண்டும், பிள்ளைகள் நாடிச் செல்லும் வேலை. சைக்கிளுக்குக் காற்றடிப்பவர், பட்டம் கட்டத் தெரிந்தவர், மிருதங்கமோ உடுக்கோ வாசிப்பவர், கடை வைத்திருப்பவர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். நம் மரபுகளில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நடக்க முடியாத ஒருவரும் கண் தெரியாத ஒருவருமாக இரட்டைப் புலவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போய், வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் பாடியதாகச் சொல்வார்கள். அவர்களை ஊர் நினைவில் வைத்திருப்பது பாட்டுக்காக. உடம்பில் எட்டுக் கோணலோடு பிறந்த அஷ்டாவக்கிரர் சிறுவனாக இருக்கும்போதே ஜனகனின் சபையில் வாதில் வென்ற கதை உண்டு. பக்கத்து மூதூரிலும் தோப்பூரிலும் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கண் தெரியாத நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்பவராக இருந்தார் என்பது தெரிந்திருக்கும். மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இந்த மூன்றிலும் மாற்றுத்திறனாளி பிறரின் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை. பிறர் அவருடைய குரலை எதிர்பார்த்து நின்றார்கள்.

கதைகளின் வலிமையை ஆய்வும் காட்டியிருக்கிறது. பிரித்தானியாவில் லின்ட்சி கமரனும் அடம் ரட்லண்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் மற்றப் பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகள் சில வாரங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டப்பட்டன. நேரில் யாரையும் சந்திக்காமலே அந்தப் பிள்ளைகளின் மனப்பாங்கு மேம்பட்டது. ஆனால் நம் பிள்ளைகள் கேட்கும் கதைகளில் கூனியும் சகுனியும் முன்னால் வந்து நிற்கிறார்கள். நொண்டி நடப்பது தொலைக்காட்சி நகைச்சுவையில் சிரிப்புக்கு எளிய வழியாக இருக்கிறது. இவற்றோடு வடக்குக் கிழக்குக்கே உரிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்ணிவெடி அபாயக் கல்வி இங்கே உயிர்களைக் காப்பாற்றியது, அதில் ஐயமில்லை. ஆனால் எச்சரிக்கைக்காகக் காலிழந்த உருவத்தைக் காட்டுவதும் இந்தக் கல்வியில் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைக்குக் காலிழந்தவர் ஓர் ஆபத்தின் அடையாளமாகவும், தான் ஆகக்கூடாத ஒன்றாகவும் பதிந்துவிடுகிறார். வெடியைத் தொடாதே என்ற பாடம் கட்டாயம் வேண்டும். அதே வகுப்பில், அதே ஆசிரியர், வெடியில் காலிழந்தவர் இன்று என்ன செய்கிறார் என்ற பாடத்தையும் எடுத்திருக்க வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் ஒன்றைப் பற்றி எச்சரிக்கவும் வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வது, ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் இருத்துவது போன்ற நிகழ்ச்சிகள் விழிப்புணர்வு என்ற பெயரில் இப்போது பரவி வருகின்றன. கண் தெரியாதவரின் துன்பம் அப்போதுதான் புரியுமாம். அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மனும் உடனாய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் கண் தெரியாதவர்களால் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் முடியும் என்று நம்புவது குறைந்தது. 2017இல் மிஷெல் நாரியோ-ரெட்மண்டும் குழுவினரும் செய்த ஆய்வுகளிலும் இப்படி நடித்துப் பார்த்தவர்களிடம் பதற்றமும் இயலாமை உணர்வும் கூடின. காரணம் எளிது. கண்ணைக் கட்டியவர் முதல் நாள் குருட்டின் தடுமாற்றத்தை மட்டும் அனுபவிக்கிறார். இருபது வருடம் வெள்ளைப் பிரம்போடு நடந்தவரின் திறமை அவருக்கு ஐந்து நிமிடத்தில் வராது. கண்ணைக் கட்டுவதற்குப் பதிலாக, பிரம்போடு நடக்கும் ஒருவரைக் கூட்டிவந்து, பிரம்பு தரையில் தட்டும் ஓசையிலிருந்து அவர் எதையெல்லாம் அறிகிறார் என்று காட்டச் சொன்னால் பிள்ளைகள் கற்பது வேறாக இருக்கும்.

பெரியவர்களோடு பழகுவதைவிட முக்கியமானது சம வயதுப் பிள்ளைகளோடு பழகுவது. இங்கேதான் நம்மிடம் பெரிய இடைவெளி இருக்கிறது. 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1950களில் தொடங்கிய நுஃபீல்ட் பாடசாலையும் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கல்வியைத் திறந்துவிட்டன. அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட வேலை. ஆனால் நம் கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்து ஆறு வயதுப் பிள்ளை கைதடிக்குப் போனால் ஊருக்கு விடுமுறையில் விருந்தாளியாகத்தான் திரும்பி வரும். அது இல்லாமலே அதன் வயதுப் பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். போக வசதியில்லாத பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது. அதையும் யாரும் காண்பதில்லை. மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக யாருக்கும் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2016 முதல் ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம். அதே 2016 பெப்ரவரியில் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. சட்டத்தில் குறையில்லை. முன்பள்ளி வாசல்வரை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் குறை.

அப்படிப்பட்ட பிள்ளை வந்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும், ஓர் ஆசிரியை எத்தனையைத்தான் பார்ப்பாள் என்று பெற்றோர் கேட்பார்கள். ஆசிரியையைப் பற்றிய பாதி முற்றிலும் நியாயம். முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்லத் தகாத சிறு தொகை. இன்னொரு பொறுப்பைச் சுமத்துமுன் அதைச் சீர்செய்வதும் உதவியாளர் ஒருவரைக் கொடுப்பதும் மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தின் கடமை. மற்றப் பாதிக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. விசேட தேவையுள்ள பிள்ளைகள் சேர்ந்து படித்த வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த பிரித்தானிய மதிப்பாய்வு, மற்றப் பிள்ளைகளின் கல்விக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை என்றே கண்டது. டில்லியின் வசதி படைத்த தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்ற விதி 2007இல் நடைமுறைக்கு வந்தபோது கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அதன் விளைவுகளை ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் ஈகைக் குணம் கூடியவர்களாகவும், விளையாட்டுக்கு அணி சேர்க்கும்போது வசதி பாராமல் திறமை பார்ப்பவர்களாகவும் ஆனார்கள். ஆங்கிலப் புள்ளியில் மட்டும் சிறு இறக்கம். இந்தியிலும் கணிதத்திலும் மாற்றமில்லை. அது வறுமையைப் பற்றிய ஆய்வு, உடற்குறையைப் பற்றியதல்ல. ஆயினும் ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பது பிள்ளையின் மனத்தை எப்படி மாற்றுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

உடற்குறையை முன்வினைப் பயன் என்று சொல்லும் மூத்தோருக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிப் பெண் மாற்றுத்திறனாளியைப் பார்க்கக்கூடாது, நல்ல காரியத்துக்குப் போகும்போது எதிரே வரக்கூடாது என்ற பேச்சு இன்னும் வீடுகளில் ஒலிக்கிறது. வினை என்று ஒன்று இருக்குமானால், 2006இல் விழுந்த ஷெல் யார் வினையைக் கணக்குப் பார்த்து விழுந்தது? ஒரே கொட்டிலில் இருந்த இருவரில் ஒருவருக்குக் கால் போனதும் மற்றவருக்குப் போகாததும் தகரத்தின் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதால் நடந்தது. பிள்ளைகளின் காது கேட்க இந்தப் பேச்சைப் பேசவேண்டாம் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனநோயால் உரத்துப் பேசுபவர், திடீரென்று கத்துபவர், வலிப்பு வந்து விழுபவர் ஆகியோரைக் கண்டு பிள்ளை பயப்படுவது வேறு வகை. அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லக்கூடாது. அவருக்கு இப்படி வரும், வந்தால் நீ இத்தனை அடி தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடு, கல்லெறியாதே, முடிந்ததும் அவர் வழமைபோல இருப்பார் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளையிடம் ஒரு செயல் இருக்கும். செய்வதற்கு ஒன்று இருக்கும் பிள்ளை அவ்வளவாகப் பயப்படாது. கல்லெறிவதும் கேலி செய்வதும் பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாத பயத்தின் வேறு வடிவங்களே.

காது கேளாதவர்களின் நிலை எல்லாவற்றிலும் சிக்கலானது. என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மிக வலுவான மறுப்பும் அங்கிருந்தே வருகிறது. காது கேளாத பிள்ளையைச் சாதாரண வகுப்பில் இருத்திவிட்டால் பழக்கம் வந்துவிடுமா? சைகை மொழி தெரியாத நாற்பது பேருக்கு நடுவே அது முன்னிலும் தனிமையாகத்தான் இருக்கும். அதற்கு அதன் மொழி பேசும் கூட்டம் வேண்டும், ஆகவே விசேட பாடசாலையே மேல் என்று காது கேளாதவர்கள் பலரே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மொழி இல்லாமல் பழக்கம் இல்லை. ஆனால் மொழியைக் கற்கவேண்டியது அந்தப் பிள்ளை மட்டுமா? அமெரிக்காவின் மசசூசெற்ஸ் கரையோரத்தில் மார்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பரம்பரையாக வந்த செவிட்டுத்தன்மை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 155 பேருக்கு ஒருவர் காது கேளாமல் பிறந்தார். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். அந்தத் தீவில் காது கேட்கும் பிள்ளைகளும் சிறுவயதிலேயே சைகை மொழி கற்றார்கள். மானிடவியலாளர் நோரா குரோஸ் 1985இல் வெளியிட்ட நூலில் அந்த வாழ்வைப் பதிவுசெய்திருக்கிறார். காது கேட்கும் மீனவர்களும் கடலில் படகுக்குப் படகு சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். அங்கிருந்த முதியவர்களிடம் பழைய ஊரவர்களைப் பற்றிக் கேட்டபோது, இன்னார் நல்ல மீனவர் என்று முதலில் சொன்னார்கள். அவருக்குக் காது கேளாது என்பது கேட்டால்தான் நினைவுக்கு வந்தது.

எஞ்சின் இரைச்சலில் கைச்சாடையால் பேசிப் பழகிய கடற்கரை ஊர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் எந்த மொழியையும் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள், சைகை மொழியையும் அப்படித்தான். மூதூர் கிழக்கின் முன்பள்ளிகள் சேர்ந்து, சைகை மொழி நன்கு தெரிந்த, காது கேளாத ஓர் இளைஞரையோ யுவதியையோ வாரத்தில் இரண்டு காலைப்பொழுது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அமர்த்தலாம். ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் அந்த அறையில் நிறைவேறும். பிள்ளைகள் அறியாத ஒன்றை அறிந்த ஆசிரியராக அவர் நிற்பார். வீட்டில் இருக்கும் காது கேளாத பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாய்க்கு, அங்கே அவனோடு பேசக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை வரும். அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளியிடம் உழைப்பைத் தொண்டாகக் கேட்கும் வழக்கமும் சம நிலையைக் குலைப்பதே. அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்வியோடு பெற்றோரும் ஆசிரியைகளும் மாதர் சங்கங்களும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கும் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்துக்கும் போகலாம். ஜனவரியில் புதிய பிள்ளைகள் சேர்வதற்கு முன்பே போகவேண்டும். அடுத்த ஆண்டு முன்பள்ளி வயதுக்கு வரும் பிள்ளைகள் யார், அவர்களில் வீட்டோடு இருத்தப்படக்கூடியவர்கள் யார் என்ற விபரம் கிராம உத்தியோகத்தரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருக்கிறது. போகும்போது அந்தப் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.